சுத்தம் என்று காட்டிய துளி

சுஹைபுக்கு எண்ணெய் என்றாலே குமட்டும். பிழைப்போ எண்ணெயோடுதான். சவுதியில், தம்மாமில் ஒரு லாரி கம்பெனியில் ஓடிய வண்டிகளின் இன்ஜின் ஆயிலைச் சோதித்துக்கொண்டிருந்தவன், இப்போது தென்காசியில் செல்லச்சாமியின் வேன் ஷெட்டில் அதையே செய்கிறான். தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. குற்றாலத்துக்கு ஒருமுறை போனான். எண்ணெய் தேய்க்கிறவர்களின் பிசுக்குத் துண்டைப் பார்த்துவிட்டுக் குளிக்காமலே திரும்பினான்.

"பொண்டாட்டி கைபட்டாலும் சோப்பு தேடுத ஆளுல்லா நீங்க" என்பாள் பர்சானா.

கருவி உள்ளங்கை அளவுதான். டிரைவர்கள் அதைச் சுகர் மிஷின் என்பார்கள். முதலில் அதில் புது ஆயில் ஒரு துளி விட்டு, சுத்தம் என்றால் இதுதான் என்று அதற்குக் காட்ட வேண்டும். துடைத்துவிட்டு வண்டி ஆயிலில் ஒரு துளி. பச்சை எரிந்தால் ஓடலாம். சிவப்பென்றால் ஆயிலை மாற்ற வேண்டும். இந்தச் சீசனில் எல்லா வண்டிக்கும் பச்சைதான்.

கையுறை, முகமூடி போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான், புது ஆயில் என்று செல்லச்சாமி கொடுத்த கேனில் குழாயை விடுவான். அன்று முகமூடி அறுந்துவிட்டது. தீய்ந்த வாடை அடித்தது. எட்டிப் பார்த்தான். கறுப்பு. வண்டிகளிலிருந்து இறக்கிய கழிவு. கேன் வாயில் வேட்டி நூல் ஒட்டியிருந்தது. இத்தனை நாளும் கழிவைக் காட்டித்தான் சுத்தம் என்று சொல்லியிருக்கிறான்.

கடையில் சீல் உடைக்காத கேன் வாங்கிவந்து, அதைக் கருவிக்குக் காட்டிவிட்டு, டிரைவர் பலவேசத்தின் வேனைச் சோதித்தான். சிவப்பு. சுரண்டைக் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு செங்கோட்டை மலையேற வேண்டிய வண்டி. ஏற்றத்தில் இன்ஜின் இறுகினால் பிரேக்கும் ஒழுங்காகப் பிடிக்காது.

"ஒன் மிஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குலே" என்று வந்தார் செல்லச்சாமி. பழைய கேனில் விரலை முக்கிக் கருவியில் தடவிப் பொத்தானை அமுக்கினார். பிறகு வேன் ஆயிலைத் தடவினார். பச்சை. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "பாத்தியா, சரியாயிட்டு."

"அண்ணாச்சி, அது வடிச்ச கழிவு."

"ஆயிலு ஆயிலுதாம்லே. நீ என்ன குடிக்கவா போற?"

பலவேசம் சாவியோடு நின்றான். "பச்சைதான எரியுது சுஹைபு, போவட்டுமா? கல்யாண வீட்டுக்காரவ போனடிச்சுக் கொல்லுதாவ."

சுஹைபு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேனுக்கடியில் நுழைந்தான். கையுறை போடவில்லை. ஆயில் வடிக்கும் அடி நட்டைக் கழற்றினான். கறுப்பாக, வெதுவெதுப்பாக, முழங்கை தாண்டி அக்குள்வரை வழிந்தது.

"ஏலே, கூறுகெட்ட பயலே!" மேலே செல்லச்சாமி கத்தினார்.

கடைசிச் சொட்டு விழும்வரை கிடந்துவிட்டு வெளியே வந்தான்.

"இனி பச்சை எரிஞ்சாலும் வண்டி நகராது அண்ணாச்சி. புதுக் கேன் அங்கன இருக்கு. ஊத்தச் சொல்லுங்க."

சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் வாந்தியெடுத்தான்.