முத்தாயி அண்ணியும் கூழைக்கடாவும்

என் அண்ணி முத்தாயிக்கு ரோஷம் ஜாஸ்தி. வேப்பந்தட்டைப் பக்கம் மானாவாரிச் சோளக்காட்டில் வளர்ந்தவள். தா.பழூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தபிறகுதான் நிறைந்த ஏரியைக் கண்ணால் பார்த்தாள். கூழைக்கடா வந்து இறங்கிய அன்று உலையை அப்படியே போட்டுவிட்டுக் கரைக்கு ஓடிவிட்டாள். அன்று நாங்கள் தின்றது தீய்ந்த சோறு.

அந்தப் பறவையைப் பற்றிப் பிறந்த வீட்டில் போய்ச் சொன்னதுதான் வம்பாகிவிட்டது.

"ஆட்டுக்குட்டி ஒசரமாம், அலகுக்கு அடியில பையாம், பை நெறய மீனாம்! அக்கா நல்லா கதை வுடுது" என்று அவள் தம்பி அரியமுத்து ஊரைக் கூட்டிச் சிரித்தான்.

"படம் புடிச்சு எடுத்துக்கிட்டுத்தான்டா இந்த வாசல மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள், பொங்கலுக்குக்கூடப் போகவில்லை.

மாசியில் அரியமுத்துவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். அவன் தாலி கட்டும்போது மிச்ச முடிச்சுகளைப் போட வேண்டிய நாத்தனார் இவள். படம் இல்லாமல் போக ரோஷம் விடவில்லை, போகாமல் இருக்க மனசு விடவில்லை. விசும்பி விசும்பி அழுதாள்.

என் அண்ணன் மாயவன் ஜெயங்கொண்டத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். யுத்தம் முடிந்த மறு வருஷம் அது, கண்ணாடி பிளேட் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. கைவசம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பெண்டாட்டி அழுகைக்கு முன்னால் அவர் என்ன செய்வார், பாவம்? கேமராப் பெட்டியை என் தலையில் ஏற்றினார்.

"தனியா எடுத்தா வாத்து மாதிரிதான் தெரியும். பக்கத்துல ஒரு ஆளு நின்னாத்தான் ஒசரம் வெளங்கும். ஆளக் கண்டா அது பறந்துடுமே" என்று கரையில் நின்று கையைப் பிசைந்தார்.

அண்ணி யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் காட்டு வாத்து பிடிக்கிறவர்கள், கண்ணுக்கு நேரே ஓட்டை போட்ட பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தண்ணீரில் போவார்கள். ஏதோ பானை மிதக்கிறது என்று பறவைகள் சும்மா இருக்கும். அவளும் அப்படியே ஒரு பானையைக் கவிழ்த்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் குந்திக் குந்தி நகர்ந்தாள். அண்ணன் துண்டை அசைத்ததும் பானையை எடுத்துவிட்டு எழுந்து, ஆடாமல் நிற்க வேண்டும் என்று பேச்சு.

பானை போனது. கூழைக்கடா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் மீனைப் பார்த்தது. அடேயப்பா, கைக்கெட்டும் தூரம்! அண்ணன் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தார், பிளேட்டைச் செருகினார், லென்ஸ் மூடியில் கையை வைத்தார். துண்டு தோளிலேயே கிடந்தது. ஸ்டூடியோவில் பழகிய வாய் சும்மா இருக்குமா? தொண்டை கிழியக் கத்தினார்.

"ஆடாதீங்க! ரெடீ!"

ஏரியே கிளம்பியது! நாரையும் வாத்தும் நீர்க்காகமும் வானத்தை மறைத்தன. அண்ணி பானையை வீசிவிட்டு எழுந்தாள். கூழைக்கடா தண்ணீரை மிதித்தபடி ஓடி, அவள் தலைக்கு மேலே இறக்கையை விரித்தது. அண்ணன் கை தானாக மூடியைக் கழற்றி, தானாக மாட்டியது. பிறகு "போச்சு, இருந்த ஒரே பிளேட்டும் போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத்தான் ஏரியில் தள்ளியிருக்க வேண்டும்.

படத்தைக் கழுவிப் பார்த்தால் பறவையைக் காணோம். அண்ணி தலைக்கு மேல் பாயை உதறியது போல ஒரு வெள்ளை மங்கல், அவ்வளவுதான். ஆனால் அண்ணி துளியும் ஆடவில்லை. நனைந்த புடவையும் அண்ணாந்த முகமுமாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு தெளிவாக விழுந்திருந்தாள். அந்தக் காலத்தில் போட்டோவில் யார் சிரித்தார்கள்?

அதையே எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கல்யாண வீட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்று நீட்டினாள். மாலையும் கழுத்துமாக வந்த அரியமுத்து வாங்கிப் பார்த்தான்.

"பறவைய காணுமே மாப்ள!" என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அவன் நிமிரவே இல்லை.

"பறவை கெடக்கட்டும். எங்கக்கா இப்புடிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அது சொன்னது நெசந்தான்" என்றான். "உள்ள வாக்கா. நீ முடிச்சு போட்டதும் பொண்ணையும் கூட்டிக்கிட்டு நேரா உங்க ஏரிக்குத்தான் வரேன்."

சொன்னபடியே வந்தான். அண்ணன் வாயைத் துண்டால் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் அண்ணி அவர்களைக் கரைக்கு அழைத்துப் போனாள்.