கியர்பாக்ஸ் பிரிஸ்கில்லா

முதலில் கணவரின் வலது கையைத் தூக்கி கியர்பாக்ஸின் விளிம்பில் வைப்பாள் பிரிஸ்கில்லா. எதையோ பிடித்திருப்பதுபோல விரல்களை வளைத்துவிடுவாள். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவாள்.

பாஸ்கலுக்குப் பக்கவாதம் வந்து, கால் தேறிவிட்டது, கை தேறவில்லை. சுட்டாலும் தெரியாது, வெட்டினாலும் தெரியாது. கியர்பாக்ஸ் என்றால் பாஸ்கல்தான் என்று அந்தப் பழனி ரோட்டுப் பட்டறையைத் தேடி வருகிறவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் ஒரு கார் வராது, அடுப்பும் எரியாது. அதனால் அவர் வாசலுக்கு முதுகு காட்டி முக்காலியில் உட்கார்ந்திருப்பார். எதிரே குத்தவைத்து முழு வேலையும் பார்ப்பவள் இவள்.

சத்தம் மட்டும் அவருடையது. "ஏ மூதேவி, பதினாலாம் நம்பர எடுடி! போல்ட்ட நான் கழட்டிக்கிறேன், நீ வெளக்கப் பிடி!" தெருவுக்கே கேட்கும். போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருப்பவள் பல்லுக்குள், "கத்துறதுக்கு மட்டும் ஒரு கொறச்சலும் இல்ல" என்பாள். வந்த ஆள் நகர்ந்ததும், "கோவமா புள்ள?" என்பார். "ஆமா, இனிமேத்தான் கோவிக்கணும்." எரிச்சலாகத்தான் இருக்கும். பாவமாகவும் இருக்கும்.

கூட்டைப் பிரித்தால் உள்ளே இரண்டு ஷாஃப்ட், கியர்களைத் தள்ளும் கவைகள். திரும்பப் பூட்டும்போது எல்லாவற்றையும் ஒரே கட்டாக அள்ளித் தூக்கி இறக்க வேண்டும். ஒன்று நழுவினாலும் கட்டு அவிழ்ந்த கீரைதான். இவளுடைய இரண்டு கையோடு அவருடைய இடது கையும் வேண்டும். அப்போது மட்டும் அவர் கத்தமாட்டார். "மெதுவா... உன் பக்கம் செத்த தூக்கு... ஆங், விழுந்துருச்சு." அந்தக் குரலுக்காக எத்தனை மூதேவி வேண்டுமானாலும் கேட்டுக்கொள்வாள்.

அன்றைக்கு அழகுராஜாவின் வாடகைக் கார். கியர்க் கட்டை உள்ளே இறக்கி, விளிம்பில் ஒட்டுப் பேஸ்ட்டும் தடவியாயிற்று. காய்வதற்குள் மேல்கூட்டை மூட வேண்டும். அந்நேரம் பார்த்து, "என்னண்ணே, முடிஞ்சுச்சா? ஒட்டன்சத்திரத்துல சவாரி நிக்குது" என்று அழகுராஜா பட்டறைக்குள்ளேயே வந்துவிட்டான். பதறிப்போய்க் கூட்டைக் கவிழ்த்தாள். ஒரு பக்கம் உட்காரவில்லை.

"கவை ராடு இடிக்குது போல. ஒரு தட்டுத் தட்டுடி" என்றார் பாஸ்கல்.

மரச்சுத்தியால் தட்டினாள். ஓங்கி இன்னொரு தட்டு.

இடுக்கில் பேஸ்ட்டோடு சிவப்பாகக் கசிந்தது. அய்யோ, அந்தக் கை! மூடும் முன்பு எடுத்து அவர் மடியில் போட வேண்டிய கை. மறந்துவிட்டாள், பாவி.

"உக்காந்துச்சா?" என்று கேட்டார் பாஸ்கல்.

அழகுராஜா எட்டிப் பார்த்தான். "என்ன மதினி, ரத்தமா?"

"அய்யய்யோ, என் கையி!" என்று அலறினாள் பிரிஸ்கில்லா. "தம்பி, தண்ணி கொண்டா, ஓடு!"

அவன் ஓடினான். கூட்டை நெம்பித் தூக்கி, அவருடைய நசுங்கிய விரல்களை முந்தானைக்குள் சுருட்டினாள். பாஸ்கல் அப்போதுதான் குனிந்து பார்த்தார்.

"பாத்துச் செய்யக் கூடாதா மதினி?" என்று செம்போடு வந்து நின்றான் அழகுராஜா. முந்தானைக்குள் அவர் கையை அழுத்திப் பிடித்தபடி, தன் காயமில்லாத விரலில் வேஸ்ட் துணியைச் சுற்றி, பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டிருந்தாள் அவள்.