முன்பக்கத்தைத் தொடாதீங்க

பூவம்மாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. தேயிலைக் கொழுந்து பறித்தவள், மாதர் சங்கத் தலைவியாகிக் கம்பெனித் தொரைமாரோடு மல்லுக்கட்டியவள். இலங்கை மலையகத்தில் கொஸ்லந்தைக்கு மேலே, தோட்டத்தின் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், பெற்றோர் இல்லாத பத்தொன்பது பிள்ளைகளை வைத்து வளர்த்தாள். கம்பெனி கைவிட்ட கட்டடம். எழுத்தில் ஓர் உரிமையும் இல்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் இருந்தார்கள். அவ்வளவுதான்.

கேட்காமலிருக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. ரோட்டைப் பார்த்த முன்பக்கத்தில் ஓர் ஆணி அடிக்க விடமாட்டாள். பாசி பிடித்த சுவர், துருவேறிய தகரம், கண்ணாடி போன சன்னல். உள்ளேயோ தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். பக்கத்துத் தோட்டத்தில் இப்படியொரு கட்டடத்துக்கு யாரோ வெள்ளையடித்தார்கள். அடுத்த வருஷமே அது உல்லாசப் பயணிகளின் பங்களா. அதிலிருந்தவர்கள் ரோட்டுக்கு வந்தார்கள். பூவம்மா அதை மறக்கவில்லை.

2003இல் கட்டடத்தைத் திருத்திக் கொடுக்க அயர்லாந்திலிருந்து தொண்டர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் மார்ட்டின். பண்டாரவளையில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்துக்காரி சுலோஜனா டீச்சர் மொழிபெயர்த்தாள். மார்ட்டின் வரைபடத்தை விரித்தான். முதல் வேலை முன்பக்கம்.

"முன்பக்கத்தத் தொடாதீங்க," என்றாள் பூவம்மா. "கக்கூசக் கட்டுங்க, சோறாக்குற குசினியக் கட்டுங்க. பின்னால என்ன வேணும்னாலும் செய்ங்க."

"காசு குடுத்த சனத்துக்கு இவை படம் காட்ட வேணுமாம், அக்கா. முன்பக்கந்தானே படத்துக்கு எடுப்பு?" என்றாள் டீச்சர்.

"கக்கூசு வாசல்ல வச்சி எடுக்கச் சொல்லுங்க டீச்சர். சிரிச்சிக்கிட்டே நிக்கிறேன்."

டீச்சர் அதை மொழிபெயர்க்கவில்லை. சிரித்தாள்.

மார்ட்டின் ஏணியைச் சாய்த்து, முன்னறைக் கூரை மரத்தில் விரலை வைத்து அழுத்தினான். விரல் உள்ளே போனது. கீழே பிள்ளைகளின் கட்டில்கள்.

"இந்த மழைக்கு நிக்காதாம், அக்கா. பிள்ளையளுக்கு மேலதான் விழுமாம்."

பூவம்மா வாசலுக்குப் போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். கூரையை விட்டால் பிள்ளைகள் மேல் விழும். புதுத் தகரம் போட்டால் ரோடு வரைக்கும் பளபளக்கும், கம்பெனியின் கண் விழும்.

"எப்பத் தொடங்குறாங்க?"

"திங்கக்கிழமை."

"ஞாயித்துக்கெழம தொடங்கச் சொல்லுங்க. அன்னைக்குப் பெரட்டு இல்ல. சனம் வேலைக்குப் போகாது."

அன்று சாயங்காலமே தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக இறங்கினாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரே பேச்சு: "நம்ம புள்ளைங்க படுக்கிற கூரையில வெள்ளைக்காரன் ஏறுறான். நீ கம்பளிக்குள்ள கெடக்கப் போறியா?"

ஞாயிற்றுக்கிழமை சனம் திரண்டு வந்தது. பழைய தகரம் பத்து மணிக்கெல்லாம் தரையில் கிடந்தது.

"தங்களுக்கும் ஏதும் வேலை மிச்சம் வைக்கச் சொல்லினம்," என்றாள் டீச்சர், மார்ட்டினைக் காட்டி.

"தகரம் தூக்கிக் குடுக்கச் சொல்லுங்க. ஆளு நல்ல ஒசரம்."

மத்தியானம் தோட்டத்து ஜீப் வந்து நின்றது. கம்பெனியின் உதவி மேலாளன், சின்னத்தொரை, இறங்கினான்.

"யாரு பர்மிஷன் குடுத்தது?"

கூரைமேல் சுத்தியல் நிற்கவில்லை.

"மழ குடுத்ததுங்க," என்றாள் பூவம்மா. "தொரை குடுக்கிற வரைக்கும் அது பொறுக்குமா?"

சின்னத்தொரை மேலே பார்த்தான். கொழுந்து பறிக்கவும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டவும் நாளைக் காலையில் அவனுக்கு வேண்டிய கைகள் அத்தனையும் கூரையில் இருந்தன. திரும்பி ஜீப்பில் ஏறினான்.

"போயிட்டான், அக்கா!"

"வருவான், டீச்சர். தனியா வரமாட்டான்." பூவம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் கால் வைத்தாள். "அதுக்குள்ள இந்தப் பக்கம் முடியணும். எவன்டா அங்க வெத்தல போடுறது? ஆணிய எடு!"