ஜும்ஆ நேரத்தில் வந்தவர்கள்

காத்தான்குடியில் பெண் பிள்ளை பிறந்தால் வாப்பாவுக்கு முதலில் நினைவுக்கு வருவது சீமெந்து விலை. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பதுதான் எங்கள் வழக்கம். ஆகவே பெண்ணுக்கு ஒரு வீடு கட்டியே ஆகவேண்டும். றபீக்காவுக்கு அதைக் கட்டிக்கொடுக்கப் புருஷன் இல்லை. மகள் ஸஹ்ரா கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் மௌத்தாகிவிட்டார். றபீக்கா குவைத்துக்குப் போய் வீட்டு வேலை செய்தாள், வந்தாள், திரும்பவும் போனாள். அப்படியே ஆற்றங்கரைப் பக்கம் மேல்மாடியோடு ஒரு வீட்டை எழுப்பி, வீட்டு உறுதிப் பத்திரத்தையும் மகளின் பெயருக்கே எழுதிவிட்டாள். அது உண்மையில் வாவி; நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம்.

நான் அடுத்த வீட்டு அப்துல் மஜீத். டோஹாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நெடுங்காலம் இருந்தவன். எங்கள் தெருவுக்கு இங்கிலீஷ் தேவைப்பட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் எனக்குக் கோபம் வரும்.

ஸஹ்ராவுக்கு ஓட்டமாவடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பாடசாலை ஆசிரியர். மரியாதையான குடும்பம், பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் காக்கா, அதாவது அண்ணன், ரிஸ்கான் ஜெர்மனியில் இருக்கிறார். அந்த நாட்டுப் பெண் ஒருத்தி இஸ்லாத்துக்கு வந்து அவரைக் கலியாணம் முடித்திருக்கிறாள். அவர்கள் லீவில் வருவார்கள், வந்ததும் வீடு பார்க்க வருவார்கள் என்று தரகர் றுஸ்தி சொல்லியிருந்தான். றபீக்கா அந்தச் சம்பந்தத்தை உயிராக நினைத்திருந்தாள். இது முடிந்தால் இனி வெளிநாடு பக்கமே தலை வைக்கமாட்டேன் என்று என் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

எங்கள் ஊரில் பெண்ணின் படம் லேசில் வெளியே போகாது. வீட்டின் படம் போகும். றுஸ்தி ஒரு நல்ல போனோடு வந்து, வீட்டை மூலை முடுக்கெல்லாம் எடுத்தான். பொழுது சாயும் நேரம் மேல்மாடியில் நின்று ஆற்றையும் எடுத்தான். படங்களோடு விலாசத்தையும் வரைபடப் புள்ளியையும் சேர்த்து, தன்னிடமிருந்த கலியாணக் குழுக்கள் எல்லாவற்றிலும் தட்டிவிட்டான். வீட்டைத் திறந்துபோட்டு ஊரைக் கூப்பிட்டது போல என்று நான் அப்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லாரும் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம், றபீக்கா வீட்டு வாசலில் ஒரு வான் வண்டி நின்றது. தலையில் சால்வை போட்ட வெள்ளைக்காரி ஒருத்தி, ஒரு சின்னப் பெண் பிள்ளை, இரண்டு பெரிய பெட்டிகள். இறக்கிவிட்டு வான் போய்விட்டது. நான் தொழுகை முடிந்து வரும்போது றபீக்கா வாசல் படலையடியில் காத்து நின்றாள்.

“காக்கா, மாப்பிள்ள ஊட்டாக்கள் வந்திட்டாங்க. ரிஸ்கானத்தான் இன்னும் காணல்ல. பள்ளியில கண்டீங்களா?”

“ஆரு வந்திரிக்கா?”

“பொஞ்சாதியும் புள்ளையும். நல்ல மனிசி காக்கா, சிரிச்ச முகம். தேத்தண்ணி குடுத்து ஊடெல்லாம் காட்டினன். மேல்மாடி அறையக் காட்டினதும் பெட்டியத் திறந்து உடுப்பெல்லாத்தையும் அலுமாரியில அடுக்கிட்டாங்க. இன்னும் கலியாணமே பேசி முடியல்ல.”

எனக்குச் சந்தேகம் தட்டியது. மேலே போய்ப் பேசினேன். அவள் பெயர் மார்த்தா, போலந்து நாட்டுக்காரி, ஆஸ்பத்திரி நேர்ஸ். ரிஸ்கான் என்று யாரையும் அவளுக்குத் தெரியாது; சால்வை வெயிலுக்குப் போட்டது. போனை நீட்டினாள். றுஸ்தி எடுத்த அதே படங்கள், அதே விலாசம். ‘விடுமுறை இல்லம், பாசிக்குடாக் கடற்கரைக்கு நடைதூரம்’ என்று எழுதியிருந்தது. காத்தான்குடியிலிருந்து பாசிக்குடாவுக்கு நடக்கிறவன் மாற்றுச் செருப்பும் கொண்டுபோக வேண்டும். வீட்டுச் சொந்தக்காரன் என்று ஏதோ ஓர் ஆண் பெயர். வாடகை முழுவதையும் நேரடியாக வங்கிக்கு அனுப்பினால் விலை குறைப்பேன் என்று அவன் சொல்ல, இவளும் அனுப்பியிருக்கிறாள். அதன் பிறகு அவனிடமிருந்து பதில் இல்லை.

இந்த வீடு வாடகைக்கு விடுவதில்லை என்று சொன்னேன். அவள் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. கதவைத் திறந்தது இந்த அம்மாதானே, அறை அறையாகக் காட்டியதும் இவர்தானே, இப்போது தெரியாது என்றால் நான் எப்படி நம்புவது என்று கேட்டாள். கேட்பதில் நியாயம் இருந்தது.

“என்ன சொல்றா காக்கா?” என்றாள் படியில் நின்ற றபீக்கா.

“களைப்பா இருக்காம்.”

“பொய் சொல்லாதீங்க. என்னக் கள்ளி எண்டு நினைக்கிறா. அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.” றபீக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “முதல்முதல் குவைத்துக்குப் போன நேரம் ஏஜென்சிக்காரன் ஒரு ஊட்டு வாசல்ல என்ன இறக்கிட்டுப் போயிட்டான். அந்த ஊட்டுக்காரங்க நாங்க ஒருத்தரையும் கேக்கல்ல எண்டு கேற்றப் பூட்டிட்டாங்க. பெட்டியோட வெயில்ல நிண்டன். பக்கத்து ஊட்டுச் சமையல்காரி ஒருத்திதான் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனா. நீ ஆரெண்டு கூடக் கேக்கல்ல. இவங்க இஞ்சயே இரிக்கட்டும் காக்கா. காசு கேக்கமாட்டன் எண்டு சொல்லுங்க.”

நான் சொன்னேன். மார்த்தா நம்பினாளா என்று தெரியவில்லை. பயணக் காப்புறுதிக் கம்பெனிக்குப் போன் எடுத்துப் பேசினாள். கொடுத்த பணத்தை அவர்கள் தருவதென்றால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். இந்த வீடு ஒருநாளும் வாடகைக்கு விடப்படவில்லை என்று பதிவில் உள்ள சொந்தக்காரர் நேரில் போய் வாக்குமூலம் கொடுத்து ஒப்பம் வைக்கவும் வேண்டும்.

பதிவில் உள்ள சொந்தக்காரி ஸஹ்ரா. கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் பெண்.

செய்தி எப்படிப் போனதோ, றுஸ்தி மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான். “பொலிசு, வெள்ளைக்காரி, வாடகை. மூணும் ஒரே ஊட்டுல எண்டா எந்த மாப்பிள்ள வருவான்? நாளைக்கி அவங்க வாறாங்க, இப்பதான் போன்ல சொன்னாங்க. இவங்கள ஒரு ஹோட்டலுக்கு அனுப்பிப்போட்டு வாய மூடிட்டு இரிங்க தாத்தா” என்றான் றபீக்காவிடம். எங்கள் ஊரில் தாத்தா என்றால் அக்கா.

“படத்த ஊரெல்லாம் பரப்பினது நீதானேடா” என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் றபீக்காவையே பார்த்தான்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். இதைவிடச் சின்னப் பேச்சுக்கு நின்றுபோன கலியாணங்களை நானே அறிவேன். கடைசியில் றபீக்கா மகளைக் கூப்பிட்டாள்.

“மகள், ஒப்பம் நீதான் வெக்கணும். போனா இந்தச் சம்பந்தம் உட்டுப் போகலாம். நான் போ எண்டும் சொல்லமாட்டன், போகாத எண்டும் சொல்லமாட்டன்.”

“ஊட்ட என்ட பேருக்கு எழுதினது கலியாணத்துக்கு மட்டுமா உம்மா?” என்று கேட்டுவிட்டு ஸஹ்ரா அபாயாவை எடுக்கப் போனாள்.

அன்று பின்னேரம் எல்லாரும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். உறுதியின் பிரதியை ஸஹ்ரா நீட்டினாள். அதிகாரி சிங்களத்தில் கேட்டார், அவளும் சிங்களத்திலேயே தடுமாறாமல் பதில் சொன்னாள். மொழிபெயர்க்க எனக்கு அங்கே வேலையே இல்லை; கொஞ்சம் மனவருத்தம்தான். அவள் ஒப்பம் வைப்பதை மார்த்தா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் றபீக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். என்ன சொன்னாள் என்று றபீக்கா என்னிடம் கேட்கவில்லை. காப்புறுதிக் கம்பெனி பிறகு அந்தக் காகிதத்தை ஏற்றுப் பணத்தைக் கொடுத்தது. அந்தப் பொய் விளம்பரமும் நீக்கப்பட்டது.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு உண்மையான மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ரிஸ்கான், அவர் மனைவி, மாப்பிள்ளையின் உம்மா; சித்தி நபீஸா என்பது அவர் பெயர். கூடத்தில் பலகாரத் தட்டுகள் வரிசையாக இருந்தன. றுஸ்தி வாயெல்லாம் பல்லாகக் கீழ் அறைகளைக் காட்டி முடித்து, “வாங்க, மேல்மாடிதான் முக்கியம், அங்க நிண்டா ஆறு முழுக்கத் தெரியும்” என்று படியில் கால் வைத்தான்.

றபீக்கா குறுக்கே போய் நின்றாள். “மேல போக ஏலாது.”

மார்த்தாவை ஹோட்டலுக்கு அனுப்பியாயிற்று என்றே நினைத்திருந்த றுஸ்தி, வைத்த காலை எடுத்தான்.

“மேல ஒரு விருந்தாளிட புள்ள ராத்திரி புடிச்ச காய்ச்சலோட உறங்குது. இப்பதான் கண் அயந்த. எழுப்பக்கூடாது” என்றாள். பிறகு, மறைத்து வைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ, வானில் வந்தவர்களிலிருந்து பொலிஸ் வரை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். றுஸ்தி சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

சித்தி நபீஸா முகத்தில் ஓர் அசைவும் இல்லை. ஸஹ்ராவை நிமிர்ந்து பார்த்தார்.

“பொலிசுக்கு நீங்களா போன?”

“ஓம் மாமி. ஊடு என்ட பேருல.”

“பயம் வரல்லயா?”

“வந்த.”

அவர் தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு படியடியில் நின்ற றபீக்காவிடம் திரும்பினார்.

“புள்ள உறங்கட்டும், எழுப்பாதீங்க. மேல்மாடிய என்ட இளைய மகன் இஞ்ச வந்து குடியிருந்து பார்த்துக்கொள்ளட்டும்.”

றபீக்காவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். மேலே உறங்கும் பிள்ளைக்குக் கேட்டுவிடாமல், சத்தமில்லாமல் அழுதாள்.