இரவல் சங்கிலி

சேக்காட்டு வனஜாவுக்கு நாலு பேர் முன்னால் இளப்பமாக நிற்பது மட்டும் ஆகவே ஆகாது. புருஷன் விட்டுவிட்டு ஓடிய மறுவாரமே, தலையை வாரி முடிந்துகொண்டு அம்பத்தூர்ப் பட்டறையில் போல்ட்டு பொறுக்கும் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். அவள் நிம்மதியாக ரயிலேற முடிந்ததே குழந்தைகள் காப்பகத்தால்தான். வேலைக்குப் போகிற ஏழைத் தாய்மாருக்காக அரசாங்க உதவியில் நடந்த இடம். அவள் மகள், இரண்டு வயது கலா, அங்கே சோறு தின்று, தூங்கி எழுந்து, சாயங்காலம் வரை சமர்த்தாக இருப்பாள்.

எண்பத்தாறில் ஒருநாள் ஆயா தாயம்மா, "நாளைக்கு ஆபீசர் வர்றாரு, அம்மாமாருங்கோ எல்லாரும் நீட்டா வந்து நில்லுங்கடி" என்றாள். போதாதா வனஜாவுக்கு? கல்யாணப் புடவையை எடுத்தாள். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு. எதிர்வீட்டுப் பஞ்சவர்ணத்திடம் ஓடினாள். பஞ்சவர்ணம் சித்தாள் வேலைக்குப் போகிறவள். அவள் பிள்ளையும் அதே காப்பகத்தில்தான். தாய்வீட்டில் போட்ட ஒரே சங்கிலி, தெருவில் யார் வீட்டு விசேஷமானாலும் கழுத்து மாறிப் போய் வரும்.

"போட்டுகினு போக்கா, இதுக்கு இன்னா" என்று கழற்றிக் கொடுத்தாள்.

ஆபீசர் வனஜாவின் கழுத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"ஏம்மா, ரெண்டு பவுன் தொங்குது. உனக்கெதுக்கு அரசாங்க உதவி?"

"ஐயய்யோ, இரவல் சார்!"

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. யாரோடது? அவங்க பிள்ளையும் இங்க இருந்தா, உன் பிள்ளைக்குப் பதிலா அந்தப் பேரை எடுத்துடறேன்."

பெரிய மனுஷர், தெருவில் நகை நடக்கிற நடை அவருக்கெங்கே தெரியப்போகிறது! வனஜா பக்கத்தில் பார்த்தாள். பஞ்சவர்ணம் இடுப்புப் பிள்ளையை இறுக்கிக்கொண்டு தரையையே பார்த்து நின்றாள். ஒரு பேர், ஒரே ஒரு பேரைச் சொன்னால் கலா தப்பித்துக்கொள்வாள்.

"என்னுதுதான் சார். பொய் சொல்ட்டேன்."

அங்கேயே கலாவின் பேரை அடித்துவிட்டார்.

சாயங்காலம் சங்கிலியை வாங்கிக்கொண்ட பஞ்சவர்ணம் காலில் விழப் போனாள். "சீ, ஏந்திரிடி! உம்புள்ளைய நேரத்தோட கொண்டுபோய் உடு, போ" என்று வனஜா எரிந்து விழுந்தாள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். யாரிடம் விடுவாள்? பட்டறைக்காரன் பிள்ளையோடு உள்ளே விடவே மாட்டான்.

மறுநாள் காலையில் பழைய தாவணியால் கலாவின் இடுப்பைக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டினாள். பொரிக் கிண்ணத்தைக் கைக்கெட்ட வைத்தாள். அவள் கதவைப் பூட்டும்போது, ஏதோ விளையாட்டு என்று நினைத்து உள்ளே குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.