நாறாத ஷூ

அம்மாவின் கால் மரத்துப்போனது எங்களுக்கு ஓர் இறாலால்தான் தெரியவந்தது. பழவேற்காடு ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள் அவள். பனையோலையில் பின்னிய பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தலை மட்டும் வெளியே தெரிய மணிக்கணக்கில் நகர்வாள். காலடியில் இறால் துள்ளினால் முதலில் பாதத்துக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகுதான் கை போகும். ஒருநாள் கரையேறியவள், "கால்ல நசுங்கிக் கெடந்துச்சுடி ஒண்ணு. மிதிச்சதே தெர்ல" என்று சிரித்தாள்.

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் தெருவிலேயே, சர்க்கரை உள்ள ஒரு பெரியம்மாவுக்குக் கிளிஞ்சல் ஓடு கிழித்த காயம் ஆறாமல், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அந்த வீட்டைத் தாண்டும்போது நான் உள்ளே பார்க்க மாட்டேன். ஏரியின் அடியில் கிளிஞ்சல் இல்லாத இடம் எங்கே இருக்கிறது? கெளுத்தி மீன் முள் வேறு. வலி தெரியாத காலோடு இவள் தினமும் அதற்குள் நடக்கிறாள். "இறங்காதே" என்றால் கேட்கிற ஆளா?

நான் சென்னையில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் இருக்கிறேன். ஊர் பேர் தெரியாதவர்கள் பூங்காவில் ஓடுவதற்கு ஷூ வரைகிற வேலை. பெற்ற தாய்க்கு ஒன்று செய்ய முடியாதா என்று வீறாப்பாக ஒரு கேன்வாஸ் ஷூவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாரம்கூடப் போடவில்லை. பொன்னேரிக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா கலீஜு இது, எறங்கச் சொல்லுப்பா" என்றிருக்கிறாள். அம்மா வீட்டுக்கு வந்த கையோடு ஷூவை வேலிகாத்தான் புதரில் வீசிவிட்டாள்.

"மீன் கூடையோடதானே தினமும் போற, அப்போ நாறலையா?" என்று கத்தினேன். எனக்கு மூக்கின் மேல் கோபம்.

"அது கவுச்சி. நமக்குச் சோறு போடுறது" என்றாள் அம்மா. "இது வீச்சம்டி. செத்ததுதான் வீசும். நாறுற செருப்ப மாட்டிக்கினு நான் நாலு பேருகூட உக்கார மாட்டேன்."

அந்த வித்தியாசத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. இறாலின் தலைப்பக்கத்தை ஒரு தடவை முகர்ந்தால் போதும், இது காலையில் பிடித்ததா, நேற்றையதா, ஐஸ் போட்டு ஏமாற்றியதா என்று சொல்லிவிடுவாள். ஆக, ஷூ நாறினால் போட மாட்டாள். போடாவிட்டால் கால் போய்விடும். நாறாத ஷூ ஒன்றைச் செய்தே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

வியர்வைக்கென்று பெரிதாக நாற்றம் கிடையாது. தோலில் இருக்கும் கிருமிகள் அதைத் தின்பதால்தான் நாற்றம் வருகிறது. ஈரம் நின்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம். எங்கள் மேலாளர், "வெள்ளி ஏத்தின துணியே இருக்கும்மா. கிருமி தங்காது. வாங்கித் தச்சுட்டுப் போ" என்றார். கழுவக் கழுவ அந்த வெள்ளி கரையும், கரைந்தது எங்கள் ஏரியில்தான் போய்ச் சேரும் என்றேன். "ஒரு ஜோடியில எவ்வளவு கரைஞ்சிடும்?" என்று கேட்டார். தெரியாது. தெரியாத ஒன்றை இறால் குஞ்சு வளர்கிற தண்ணீரில் விட எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவிடம் சொன்னபோது, "வெள்ளின்னா கொலுசா வாங்கிப் போடுடி, செருப்புல ஏன் பூசுற?" என்றாள்.

வெள்ளி இல்லை, அதைப் போலவே கிருமி கொல்லும் செம்பு இல்லை, துத்தநாகம் இல்லை. கிருமியைக் கொல்லாமல் பட்டினி போடுவது என்று வைத்துக்கொண்டேன். கிளிஞ்சல் ஏறாத தடித்த அடி. வெயிலில் சீக்கிரம் காயும் வலைத்துணியில் மேற்பகுதி. உள்ளே கம்பளி நூல் கலந்த துணி. அது நாற்றத்தைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். பாதத்தின் கீழே, இரண்டு துணிக்கு நடுவில் நாற்றத்தை உறிஞ்சும் கொட்டாங்கச்சிக் கரித்தூளை வைத்துத் தைத்த அட்டை. தண்ணீர் வடிய இரண்டு பக்கமும் ஓட்டைகள். அவற்றை நானே உட்கார்ந்து வெட்டினேன். உள்பக்கம் முழுக்கக் கறுப்பு. அழுக்கு தெரியாது என்று எனக்கு அதில் ஒரு பெருமை.

இரண்டு ஜோடி கொடுத்தேன். ஒன்று காயும்போது இன்னொன்று. வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். இந்தத் தடவை அம்மா மாட்டேன் என்று சொல்லவே இல்லை. ஷேர் ஆட்டோவில் நடுவில் உட்கார்ந்து போனதாக போனில் சொன்னாள். "ஒரு பொம்பள என் தோள்ல சாஞ்சு தூங்கினா தெரியுமா!" என்று அவள் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு நான் சந்தோஷத்தில் இரண்டு டீ குடித்தேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, ஷூ எப்படி உழைத்திருக்கிறது என்று பார்க்கப் போனேன். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த ஜோடியை எடுத்து உள்ளே மூக்கை நுழைத்தேன். ஒன்றும் இல்லை. நோட்டில் 'நாற்றம்: இல்லை' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டேன். பிறகு, "கால்ல இருக்கறதக் கயட்டும்மா, அதையும் பாத்துடறேன்" என்றேன்.

இடது கால் ஷூ சுலபமாக வந்தது. வலது கால் வரவில்லை. "ஒட்டிக்கினு கீது. ரெண்டு நாளா கயட்டவே வரல" என்றாள், ஏதோ கதவு இறுகிப்போனதைச் சொல்வதைப் போல. நான் குதிகாலைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். வந்துவிட்டது. அதோடு சேர்ந்து அந்த வாடை வந்தது.

வீச்சம். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மூக்கு விடைத்திருந்தது, அவளுக்கும் தெரிந்துவிட்டது. உள்ளே அட்டையைத் தடவினேன். கறுப்பில் ஒன்றும் தெரியவில்லை. விரலை எடுத்தால் விரல் சிவப்பாக இருந்தது. இரண்டாவது விரலுக்கு அடியில், நகக்கண் அளவு கிளிஞ்சல் சில்லு ஒன்று சதைக்குள் செருகி நின்றது. சுற்றிலும் கருத்திருந்தது. தடித்த அடியைத் துளைத்து அது வந்திருக்க முடியாது. பக்கவாட்டு ஓட்டை வழியாக வந்திருக்கிறது. நான் வெட்டிய ஓட்டை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோவில் அவள் காலை என் மடியில் வைத்திருந்தேன். தெருவில் அந்தப் பெரியம்மா வீட்டைத் தாண்டியபோது, அவள் காலை எடுத்த பிறகு முதல் தடவையாக உள்ளே பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். புடவை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது.

டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருக்கும். இவ்வளவு நாள் வீட்ல யாருக்கும் நாத்தம் வரலையா?"

கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். வந்திருக்கும் டாக்டர், நான்தான் வரவிடாமல் தைத்துக் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது?

எவ்வளவு எடுக்க வேண்டியிருக்கும் என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றார்கள். விரலா, பாதமா, அதற்கு மேலேயா. பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் மூளை வேண்டாததையெல்லாம் இழுத்துப் போட்டது. வெள்ளி போட்டிருந்தால்? கிருமி செத்திருக்குமோ? ஏரியைக் காப்பாற்றுகிறேன் என்று தாயின் காலைக் கொடுத்துவிட்டேனா? பிற்பாடு டாக்டரம்மாவிடம் கேட்டேன். சதைக்குள் போன சில்லைத் துணியில் இருக்கும் எதுவும் ஒன்றும் செய்திருக்காது என்றார். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் எனக்கு அது தெரியாது. கடவுள் நம்பிக்கை அவ்வளவாக இல்லாத நான், முழங்காலை விட்டுவிடு, முழங்காலை விட்டுவிடு என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு விரல் போனது. கால் பிழைத்தது.

புண் முழுதாக ஆறச் சில மாதங்கள் பிடித்தன. தண்ணீர் பக்கமே போகக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதற்கு அம்மா பவ்யமாகத் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்ப நான் என்ன முட்டாளா? புது ஜோடி ஒன்று தைத்தேன். உள்ளே வெள்ளைத் துணி, ஒரு சொட்டு ரத்தமும் தெரிய வேண்டும் என்று. ஓட்டைகளுக்குப் பொடி வலை. கரி அட்டையை மட்டும் விட மனம் வரவில்லை. அது இல்லாவிட்டால் நாறும், நாறினால் புதரில் வீசுவாள்.

அடுத்த சனிக்கிழமை போனபோது அட்டை இரண்டும் குப்பையில் கிடந்தன. மீன் வெட்டுகிற கத்தியால் தையலை அறுத்திருந்தாள். கரித்தூள் வாசலெல்லாம் சிந்தியிருந்தது. எத்தனை நாள் வேலை! வந்த கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவள் ஏரிக்குப் போய்வந்த ஷூவைக் கழற்றி என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"மோந்து பாரு."

கடுமையாக நாறியது.

"சேறு. வேர்வ. அவ்ளோதான்" என்றாள். "நாளைக்கு வீச்சம் வந்தா எனக்குத் தெரியும். என் காலுக்குத்தான் ஒண்ணியும் தெர்ல, மூக்கையும் ஏன்டி கட்டிப் போடுற?"

"ஆட்டோல?" என்று கேட்டேன்.

"ஓரமா உக்காந்துக்கறேன்." அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறேன். அம்மாவிடம் பேசுவதற்கு முன்னால் வாசலில் கிடக்கும் வலது கால் ஷூவை எடுக்கிறேன். நாற வேண்டும், ஆனால் சேறு மட்டும் நாற வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்வரை எது வரப்போகிறது என்று தெரியாது. உள்ளேயிருந்து அம்மா, "இன்னாடி சொல்லுது?" என்று கேட்பாள். சேறுதான் நாறுகிறது என்று நான் சொன்ன பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பாள்.