விளாத்தியடிப் பள்ளத்தின் பெயர்

“...செத்தது என்ரை பிள்ளை, அதை வைச்சு இடத்துக்குப் பேர் வைக்கிறது ஊரோ?” என்று கேட்டபடியே, தன் இத்தாலிய முதலாளியம்மா ‘சிஞ்ஞோரா’ வீட்டு வேலை முடிந்து வந்த செல்வி அக்கா, பலெர்மோ நகரின் கால்சாக் கடற்கரை வாங்கில் உட்கார்ந்து, தமிழ்க் கடையில் வாங்கிய விளாம்பழத்தைத் தட்டி உடைத்தார். அந்தப் புளித்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் வன்னியில், எங்கள் விளாத்தியடிப் பள்ளத்தில் நின்றேன்: சருகுக்குள் பழம் பொத்தென்று விழும் சத்தமும், கிளையில் குரங்குகளின் சண்டையும், சட்டையைப் பையாக்கிப் பொறுக்கிக்கொண்டு ஓடிய எங்கள் கூட்டமும், வயிறு நோக நோக உப்புத் தொட்டுத் தின்ற மத்தியானங்களும். இன்று கைபேசி வரைபடத்தில் அது இராணுவ முகாம் வேலிக்குள் ஒரு மொட்டை வெளி, பெயரில்லை.

அதனால்தான் ஊர்க்காரரின் வாட்ஸ்அப் குழுவில் இடப்பெயர்களையும் அவற்றின் காரணத்தையும் குரலில் பதிந்து வருகிறோம். எங்கள் ஊரில் நடந்ததுதான் பெயர். மாட்டுவண்டில் சேற்றில் புதைந்த திருப்பம் ‘வண்டில் புதைஞ்ச முடக்கு’, கரடி துரத்திய வரம்பு ‘கரடி வரம்பு’. அக்காவின் மகன் ரூபன் அங்கே ஷெல் விழுந்து செத்த பிறகு, பள்ளத்தையும் ‘ரூபன் செத்த பள்ளம்’ என்றே பதிகிறார்கள்.

“ஊர் வழக்கம் அப்பிடித்தானே அக்கா,” என்றேன்.

“வழக்கமோ? எத்தினை வருசம் அங்கை நிண்டு சிரிச்சவன். ரூபன் சிரிச்ச பள்ளம் எண்டு ஒருத்தராவது சொன்னவையோ?”

கையைச் சேலையில் துடைத்து, என் கைபேசியைப் பறித்தார். “ரூபன்ரை அம்மா கதைக்கிறன். அது விளாத்தியடிப் பள்ளம். வேறை பேர் சொல்லுறவை என்னோடை கதைக்க வேண்டாம்” என்று பதிந்து, என்னைக் கேளாமலே குழுவுக்கு அனுப்பினார்.